ஆறாம் பாகம் எடுத்த குவாரி

புனேயில் மத்தியானம் ஒரு மணிக்குச் சாத்திய கடையை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். முப்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். அப்படி நிம்மதியாகத் தூங்குகிற கடைக்காரர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சல். தமிழ் தெரிந்தவர் என்று உங்களை அனுப்பியிருக்கிறார்கள், நல்லதாயிற்று. மராத்தியில் எனக்குக் காய்கறி வாங்கத் தெரியும். இதையெல்லாம் சொல்லத் தெரியாது.

அம்பி என் தம்பி. வயது நாற்பத்தொன்று. புத்தி ஆறு வயதோடு நின்றுவிட்டது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு பதினொரு வருஷம் அவனுக்கு நான் ஒருத்திதான். குளிப்பாட்டி, ஊட்டி, பக்கத்து வீட்டு வைஷாலியிடம் விட்டுவிட்டு பேங்குக்குப் போவேன். ராத்திரி அவன் தூங்க மாட்டான், அதனால் எனக்கும் தூக்கம் கிடையாது. அவன் மேல் எனக்கு உயிர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றிரண்டில் டிவியில் ‘ஆகாஷ் நௌகா’ என்று ஒரு ஹிந்தித் தொடர் வந்தது. விண்கப்பல், வேற்றுக் கிரகம் என்று பதின்மூன்று பாகம். அப்பா கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். அம்பி தினமும் அதைத்தான் பார்ப்பான். போன வருஷம் எங்கள் பேங்க் கோவிந்தராஜன் சார் சும்மா இருக்காமல், “மேடம், அதெல்லாம் நம்ம ஊர்லதான் எடுத்தாங்க. வானவடியில ஒரு வாட்டர் டேங்க் இருக்கே, அதான் அந்தக் கப்பல்” என்றார். வீட்டில் வந்து நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அன்றைக்குப் பிடித்தது சனி.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமையும் என்னுடையது இல்லை. ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து ஒவ்வொரு இடமாகக் கூட்டிப்போனேன். டேங்குக்குக் கீழே விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பான். கேப்டன் வசனத்தை நான் சொல்ல வேண்டும். ஒரு தடவை இல்லை, இருபது தடவை. பாதியில் நிறுத்தினால் அடிப்பான், ஆள் வேறு பெரிய ஆள். போகிறவர்கள் நின்று சிரிப்பார்கள். எனக்கு வெட்கமெல்லாம் எப்போதோ போய்விட்டது, முழங்கால் வலிதான் மிச்சம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? என் சட்டியில் ஒன்றும் இல்லை.

ஆறாம் பாகத்தை விஷ்ராந்த்வாடிக்கு அப்பால் கைவிட்ட ஒரு கல்குவாரியில் எடுத்திருந்தார்கள். அதுதான் சிவப்புக் கிரகம். கேப்டன் ஒரு வீரனை அங்கே நிறுத்தி, நான் வரும்வரை இந்த இடத்தைவிட்டு நகராதே என்று சொல்லிவிட்டுப் போவார். அவன் மூன்று நாள் நிற்பான். நாலாம் நாள் கப்பல் வரும். அம்பி அந்தக் காட்சிக்கு மட்டும் கை தட்டுவான்.

மே ஒன்பதாம் தேதி, ஞாயிறு. காலை பத்து மணிக்கு அவனை அங்கே நிறுத்தினேன். வெயிலில் கழுத்துச் சங்கிலி உறுத்துமே என்று கழற்றிக்கொண்டேன். பெயரும் விலாசமும் பொறித்த தகடு அதில்தான் இருந்தது.

“அக்கா, கப்பல் எப்போ வரும்?”

“வரும்டா. நகராம நில்லு. யாராவது பேர் கேட்டா சொல்லப்படாது.”

“நீ?”

“நான் கேப்டன். போய்ட்டு வரேன்.”

சல்யூட் அடித்தான்.

சாயந்திரம் போய்க் கூட்டிவருவதாகத்தான் எண்ணம். வீட்டுக்கு வந்து படுத்தேன். கண் விழித்தபோது திங்கட்கிழமை காலை. அப்படி ஒரு தூக்கம் என் ஆயுசில் தூங்கியதில்லை, உடம்பெல்லாம் பஞ்சு மாதிரி இருந்தது. பேங்குக்கு நேரமாகிவிட்டது. அம்பி எங்கே என்று வைஷாலி கேட்டாள். மாமா வந்து சென்னைக்குக் கூட்டிப்போயிருக்கிறார் என்றேன். பேச்சை வளர்க்க வேண்டாமே என்றுதான் அப்படிச் சொன்னேன். செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. மூன்று நாள் முடியாமல் நடுவில் போனால் அவன் விளையாட்டு கெட்டுவிடும் என்று பட்டது.

புதன்கிழமை காலை போனேன். அதற்குள் உங்கள் ஆட்கள் துணியால் மூடியிருந்தார்கள். நான் ஓடி ஒளியவில்லை. நேரே போய், என் தம்பி என்றேன். நிறுத்திய இடத்திலேயே சரிந்திருந்தான், ஓர் அடிகூட நகரவில்லை.

அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவர் கொடுத்த வாக்குமூலத்தை இன்ஸ்பெக்டர் படித்துக் காட்டினார். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் சொம்பில் தண்ணீரும், பாக்ரி ரொட்டியும் கொண்டுவந்து நீட்டினாராம். அம்பி வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினானாம். கையைப் பிடித்து இழுத்தால் அடித்தானாம். புதன் விடிகாலை அவன் விழுந்து கிடந்ததைப் பார்த்த பிறகுதான் போலீஸ் சௌகிக்கு ஓடினாராம். செத்தவர் பிடிவாதக்காரர் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அதைத் திருத்திவிடுங்கள். அம்பி பிடிவாதக்காரன் இல்லை, சொன்ன பேச்சைக் கேட்கிறவன். அந்தக் கிரகத்து ஆட்கள் தண்ணீர் கொடுத்தால் குடிக்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். தொடரில் அந்த வீரன் வாங்கிக் குடிப்பான். அது ஒன்றுதான் நான் மாற்றியது.