எந்த விரல்?

அக்கா: ஊசி குத்துனது எந்த விரல்னு கேட்டேன்.

தம்பி: இந்தா… இந்த நடுவிரல்தான்க்கா.

அக்கா: இப்பத்தானே ஆள்காட்டி விரல்னே?

தம்பி: பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டேன். விபத்துப் புத்தகத்துல எழுதி, சூப்பர்வைசர்னு ஒரு கையெழுத்துப் போடுங்களேன். ஆஸ்பத்திரில மாத்திரை குடுத்துருவாங்க.

அக்கா: என்ன மாத்திரை?

தம்பி: எச்ஐவி வராம தடுக்குறது. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணுமாம். இன்னிக்குச் சாயந்திரத்தோட முடியுது…

அக்கா: நல்லாப் பாடம் பண்ணிட்டுத்தான் வந்திருக்கே. வெளிய வாங்கிக்கோயேன்.

தம்பி: நம்மள மாதிரி ஒப்பந்தக் கூலிக்கு ஏதுக்கா காப்பீடு? இருபத்தெட்டு நாளைக்கு வாங்கணும். விலையக் கேட்டாலே தலை சுத்துது. வேலையில ஊசி குத்துனா மட்டும்தான் சும்மா குடுப்பாங்க.

அக்கா: சரி. ஊசி எங்க கெடந்துச்சு?

தம்பி: படுக்கை விரிப்புக்குள்ள…

அக்கா: டேய், நீ இஸ்திரி மெஷின்ல நிக்கிறவன். ஆஸ்பத்திரி விரிப்பு கொதிதண்ணில வெந்து, பிழிஞ்சு, உதறி உங்கிட்ட வருது. அதுல ஊசியா? அழுக்குத்துணி பிரிக்கிற பக்கம் நீ எட்டிக்கூடப் பாத்ததில்ல. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறியா?

தம்பி: …கதவச் சாத்தவாக்கா?

அக்கா: சாத்து.

தம்பி: ஒரு பொண்ணோட இருந்தேன். அவளுக்கு இருக்கு. எங்கிட்ட எதையும் மறைக்கல. உறைதான்… கிழிஞ்சுருச்சு. அப்பவே உங்ககிட்ட ஓடுன்னா. உங்க முகத்தப் பாக்க வெக்கப்பட்டே மூணு நாள ஓட்டிட்டேன்…

அக்கா: அடப்பாவி! முதல்லயே சொல்லித் தொலைக்குறதுக்கென்ன? கடிச்சா தின்னுருவேன்?

தம்பி: உண்மையச் சொன்னா நீங்க எழுத மாட்டீங்கன்னு… அவதான் சொன்னா.

அக்கா: எவ அவ? என்னை எப்படித் தெரியும் அவளுக்கு?

தம்பி: இங்க துணி மடிச்சுக்கிட்டிருந்தவதான்.

அக்கா: யாரு… நம்ம குருவியா?

தம்பி: ம்.

அக்கா: …வேற என்ன சொன்னா?

தம்பி: உங்களத் திட்டலக்கா. பொய்ய மட்டும் தடுமாறாமச் சொல்லுன்னா. நான் அதுக்கும் லாயக்கில்ல.

அக்கா: அவளும் இதே நாற்காலிலதான் உக்காந்தா. எவனோ வழிமறிச்சுக் கெடுத்துட்டான்னு அழுதா. ஒரு நாள்கூட ஆகல அப்ப… மாத்திரை போட்டிருந்தா தப்பிச்சிருப்பா. “இது வேலையில நடந்ததில்லம்மா”ன்னு புத்தகத்த மூடினவ நான்தான்டா… கையக் காட்டு. எந்த விரல்? அன்னிக்கு ஆள் இல்லாம அழுக்குத்துணி பிரிக்க உன்னை நான்தான் அனுப்பினேன்னு எழுதுறேன்.