முன்வரிசைப் பெட்டிகள்

கண்ட நேரத்தில் தொழிற்சாலைச் சங்கு ஊதினால் எல்லோரும் ரோட்டைப் பார்ப்பார்கள். நான் ட்ரெயிலரின் டயரைப் பார்ப்பேன். பதினெட்டு வருடப் பழக்கம், ஐயா. எண்பத்துமூன்று ஜூலைக் கடைசியில், பகல் பதினொரு மணிக்குச் சங்கு அலறியபோதும் அதைத்தான் செய்தேன். காற்று சரியாக இருந்தது.

நீங்கள் வாக்குமூலமாக எழுதிக்கொள்வதால் நிதானமாகவே சொல்கிறேன். என் பெயர் மூக்கையா. பன்வில பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைப் பெட்டி ஏற்றுகிறவன். ட்ராக்டர் இழுத்துப்போகும் ட்ரெயிலரில் பெட்டி அடுக்க ஒரு முறை இருக்கிறது. பாரம் முன்னுக்கு. இரண்டு பக்கமும் ஒரே எடை. நடுவில் வெற்றிடம் கூடாது. இருந்தால் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பெட்டிகள் முன்னால் ஓடிப்போய் அதை அடைத்துவிடும். வெற்றிடம் விட்டே ஆகவேண்டுமென்றால் அதற்குப் பின்னால் உள்ள அடுக்கைக் கயிறு போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். இது எனக்குத் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன்.

வத்தேகமயில் தமிழர் கடைகள் எரிகின்றன, அடுத்தது தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம்தான் என்று செய்தி வந்தது. லயத்துச் சனம் காட்டுக்குள் ஏறிவிட்டது. முழங்கால் வீங்கிய என் மனைவி வடிவம்மாவால் முடியவில்லை. மகள் சீதா தாயை விட்டு அசையவில்லை. அப்போதுதான் ட்ராக்டர் ஓட்டும் சிங்களவன் பண்டார வந்தான்.

“மூக்கையா, பெட்டிகளுக்கு நடுவுல ஒளிச்சுக்கோ. கண்டியில ஸ்கூல்ல அகதிக் காம்ப் போட்டிருக்கு. நான் கொண்டுபோய் விடுறேன்” என்றான். நல்ல மனிதன்.

ஏற்றிக்கொண்டிருக்கும்போது தோட்ட ஆபீஸ் கிளாக்கர் சோதிலிங்கம் ஐயாவும் அவர் மனைவி பத்மாதேவியும் ஓடிவந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள். அந்த அம்மா எனக்குத் தண்ணீர் தருவதற்கென்று நசுங்கிய தகரக் குவளை ஒன்றைக் குசினிக்கு வெளியே கவிழ்த்து வைத்திருந்தார். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நீங்கள் கேட்பீர்களே என்றுதான் சொல்கிறேன்.

இரண்டு அறை விட்டு அடுக்கினேன். முன்னால் ஒன்று, பின்கதவோரம் ஒன்று. நடுவில் ஆளுயரத்துக்குப் பெட்டிச் சுவர். ஒவ்வொரு பெட்டியும் ஐம்பது கிலோ. அவர்களை முன்னால் இருத்தினேன், நாங்கள் பின்னால். யாராவது கதவைத் திறந்து தேடினால் முதலில் அகப்படுவது நாங்கள்தானே. அதைச் சொன்னதும் அந்த அம்மாவின் கண் கலங்கியது.

“காத்து வருமோ, மூக்கையா?”

“வரும்மா. முன்பலகையில இடுக்கு இருக்கு. ஏதும்னா ரெண்டு தட்டுத் தட்டுங்க.”

கிளாக்கர் ஐயா அந்த நேரத்திலும் சிரித்தார். “ஆறு வருசமா நான் உன்ரை லோட்டைப் பார்த்துக் கையெழுத்து வைச்சனான். இண்டைக்கு நானே லோட்டாப் போனன்.”

கொட்டகையில் ஒரே ஒரு கயிறுதான் கிடந்தது. அதை நடுச்சுவரில் எங்கள் பக்கத்துக்குக் கட்டினேன். மேட்டில் ஏறும்போது பெட்டி சரிந்து வடிவம்மா மேல் விழக்கூடாது. பன்விலயிலிருந்து வத்தேகமவரை பெரும்பாலும் இறக்கம்தான் என்கிறீர்கள். உண்மை. ஆனால் இடையில் மேடும் உண்டு.

நானும் உள்ளே ஏறிய பிறகு பண்டார தார்ப்பாய்ப் படங்கை இழுத்து மூடினான். இரண்டாம் வளைவிலேயே நடுச்சுவர் ஒரு சாண் நகர்ந்தது. பண்டார நிறுத்தி, பின்னால் வந்து படங்கைத் தூக்கினான்.

“முன்னுக்கு ஆடுது, மூக்கையா. இறங்கிக் கட்டு.”

“கட்டுறதுக்குக் கயிறு இல்ல. நீ போ” என்றேன்.

அவன் படங்கை இறக்கிவிட்டு வண்டியை எடுத்தான்.

வத்தேகமச் சந்தியில் ஆட்கள் தடியோடு மறித்தார்கள். பண்டார முழு பிரேக்கையும் பிடித்தான். பிடிக்காமல் என்ன செய்வான்? பெட்டிகள் முன்னால் போன சத்தம் அவ்வளவு பெரிதில்லை. பண்டார சிங்களத்தில் ஏதோ பேசினான். சிரித்தார்கள். விட்டுவிட்டார்கள். சந்தி தாண்டியபோது முன்னாலிருந்து இரண்டு தட்டு கேட்டது.

“அப்பா, தட்டுறாங்க” என்றாள் சீதா.

“பெட்டி உராயுதும்மா.”

மறுபடி இரண்டு. பிறகு ஒன்று. என்னால் என்ன செய்ய முடியும், ஐயா? நிறுத்தச் சொன்னால் பண்டார ரோட்டிலேயே படங்கைக் கழற்றுவான். அதற்குள் யாராவது வந்துவிட்டால்? வடிவம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மடவளை தாண்டியபின் எந்தத் தட்டும் கேட்கவில்லை. கண்டி வரை நல்ல பயணம்.

பள்ளிக்கூட மைதானத்தில் நானே முன்னின்று பெட்டிகளை இறக்கினேன். முன்வரிசை அவ்வளவு இறுக்கமாக இருந்தது. பதினெட்டு வருடத்தில் நான்கூட அப்படி அடுக்கியதில்லை. கிளாக்கர் ஐயாவின் கை அந்த அம்மாவின் தலைக்கு மேல் விரித்தபடி இருந்தது.

மறைக்க ஒன்றுமில்லை. அவர்களை அங்கே இருத்தியது நான். போகச் சொன்னதும் நான். இன்னொரு கயிறு இருந்திருந்தால் இரண்டு குடும்பமும் பிழைத்திருக்கும். என் போதாத காலம், இருக்கவில்லை.

என்ன பார்க்கிறீர்கள்? என் இடுப்பையா? பெட்டி ஏற்றுகிற எல்லோரும் இப்படி ஒரு கயிற்றைச் சுற்றிக்கொண்டுதான் வேலைக்கு வருவோம். வழியில் ஏதாவது அவிழ்ந்தால் உதவும். அன்றும் இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்:

“இது அவங்களுக்கான கயிறு இல்லீங்க ஐயா, என் பொஞ்சாதி பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா வேணுமேன்னு வச்சிருந்தது.”