விக்காத தொட்டி

நீ ஏமாத்திட்ட தம்பி. ஒக்கார சொல்லாத, நான் ஒக்கார வர்ல. எட்டி இந்த பக்கெட்டுல பாரு. நீ குடுத்த கடல்பூதான். அனிமோன் அனிமோன்னு வாய் நெறைய சொன்னியே, அது. வாங்கியாந்தப்ப பூரியாட்டம் உப்பிகினு இருந்துது, இப்ப சுருங்கி, ஒரு ஓரம் கிழிஞ்சி கெடக்குது. சாவல. தொட்டா இன்னும் வெரல்ல ஒட்டுது. ஒட்டுற வரைக்கும் உசுரு இருக்குதுன்னுதான் ஓடியாந்தேன்.

இதே ஒன் மீன்தொட்டிக் கடையில நின்னுதான கேட்டேன், இதுக்கு எவ்ளோ பெரிய தொட்டி வேணும்னு? நீ இன்னா சொன்ன? கையகலப் பூவுக்கா, மீனாட்டம் நீந்தவா போவுது, வெச்ச எடத்துல குந்திகினு இருக்கும், ரெண்டடித் தொட்டி தாராளம்னு சொன்ன. சொன்னியா இல்லியா? தலைய சொறியாத.

வில பேசுனனா? ஆமா, பேசுனேன். பேசாம வாங்குனா அவ நசீரா இல்ல. பாகூர்லேர்ந்து கரையாம்புத்தூரு வரைக்கும் மொபட்டுல நைட்டி விக்கறவ நானு. அதுக்குன்னு நான் வெலயக் கொறைச்சா நீ தொட்டியக் கொறைப்பியா? பெருசா வேணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அதுக்கும் பேசிதான் வாங்கியிருப்பேன்.

நைட்டி விக்கறவளுக்கே தெரியும்பா. ஒடம்ப அளந்து அதே அளவுக்குத் தைச்சா, ஒருதபா குனிஞ்சா கிழிஞ்சிடும். குனிய, நிமிர, புள்ளைக்குப் பால் குடுக்க எடம் வுட்டுத்தான் தைக்கணும். நீ பூவ அளந்த, அது பொழைக்கற தண்ணிய அளக்கல.

அது குந்தாது தம்பி, நடக்குது. அடியில தட்டாட்டம் ஒண்ணு இருக்குதே, அத வெச்சி நவுந்து நவுந்து போவுது. கல்ல வுட்டு கண்ணாடிக்கு, கண்ணாடிய வுட்டு தண்ணி இழுத்து வுடற மோட்டாருக்கு. தண்ணி புடிக்காம நல்ல எடம் தேடியிருக்குது. அந்தச் சின்ன தொட்டியில எங்கதான் போவும்? எந்தப் பக்கம் போனாலும் மோட்டாரு. உறிஞ்சி இழுத்து ஓரத்தக் கிழிச்சிட்டுது.

தண்ணி கொறையுதேன்னு போன் போட்டப்ப இன்னா சொன்ன? கடலு பக்கத்துலதான, மணப்பட்டுலேர்ந்து கொண்ணாந்து ஊத்துக்கான்ன. நானும் மணப்பட்டுக்கு யாவாரத்துக்குப் போறப்பல்லாம் மொபட்டுல கேன் கட்டி கடத்தண்ணி கொண்ணாந்தேன். சிமெண்ட் ஷீட்டு வூடு, சித்திர வெயிலு, ரெண்டடித் தொட்டி. தண்ணி சுண்டிகினே இருந்துது. கொழம்பு சுண்டி கரிக்கறப்ப மேல உப்புத்தண்ணி ஊத்துவாங்களா யாராச்சும்? ஆவியாப் போறது தண்ணி, உப்பு எங்க போவும்? நல்ல தண்ணிதான் ஊத்தணுமாம். எம்மருமவ ரிஹானா போன்ல பாத்து சொல்றா. பெரிய தொட்டியா இருந்தா சூடும் இப்புடி ஏறாதாம், உப்பும் ஏறாதாம். நாலடியாச்சும் வேணுமாம்.

புதுத் தொட்டி தரேங்கறியா? இப்ப வாய் தொறக்குது. வேணாம். புதுத்தண்ணியில வுட்டா இது தாங்காதாம், மாசக்கணக்கா ஓடி பழகுன தண்ணி வேணுமாம். அதோ, வாசல்லியே நாலடியில கல்லும் லைட்டுமா பளபளன்னு வெச்சிருக்கியே, எனக்கு அதுதான் வேணும்.

விக்கறதுக்கு இல்லியா? காட்சிக்கா? யாருக்குக் காட்ற? இப்புடித்தான் வெக்கணும்னு நீ தெரிஞ்சி வெச்சிகினு ஊருக்குக் காட்ற, எனக்கு மட்டும் சோத்து டப்பாவக் கட்டிக் குடுத்த.

சிரிக்கற. ஒரு பூவுக்கா இந்தக் கத்து கத்துறன்னு பாக்கற.

எங்க வூட்டுக்காரர ஒனக்குத் தெரியுமில்ல? அப்துல்லா. நான் மொபட்டு ஓட்ட, பின்னால குந்திகினு நைட்டி நைட்டின்னு கூவுவாரு. நாலு தெருவுக்குக் கேக்கும். ஒரு பக்கம் கைகாலு இழுத்துகினு படுத்தாரு, கொரலும் போயிடுச்சி. படுத்த மனுசன் பாத்துகினு இருக்கட்டுமேன்னுதான் கட்டில் பக்கத்துல இந்தத் தொட்டிய வெச்சேன். பூவோட நீ குடுத்த ஆரஞ்சு மீனு அதுக்குள்ள பூந்து பூந்து வரும், அவரு கண்ணும் கூடவே போவும்.

இன்னிக்கிக் காத்தால பூவ மட்டும் பக்கெட்டுல எடுத்தேன். மீனு அந்தக் காலி எடத்தையே சுத்துச்சி. அவரு பாத்துகினே இருந்தாரு. பூ எங்க-ன்னாரு.

ஆமா, பேசுனாரு. படுத்ததுலேர்ந்து அதான் மொத வார்த்த. எம்பேரு வர்ல, புள்ள பேரு வர்ல, பூ வந்துச்சி. எனக்குக் கோவம் வருமா வராதா?

இதோ கொண்டாந்துடறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். திரும்பிப் போயி அந்த மனுசங்கிட்ட செத்துப்போச்சின்னு சொல்ல சொல்றியா? என்னால ஆவாது. ஆளக் கூப்புடு. தண்ணிய கேன்ல புடி, கல்ல எடு, தொட்டியத் தூக்கி வண்டியில ஏத்து. இன்னிக்கி நான் வில பேசப் போறதில்ல, நீ சொல்றதுதான் வில. நீ கெடுத்தத நீயே வந்து சரி பண்ணிக் குடு. இன்னா பாத்துகினு நிக்கற, தூக்கு.