பார்த்துச் செய்யுங்க

வேலையில் சேர்ந்த முதல் நாளே வாய்க்காலில் விழுந்தவன் நான். யாரும் தள்ளவில்லை. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு பாசனப் பிரிவு அலுவலகம், ஊர்ப்பெயர் வேண்டாம். புது என்ஜினீயரைப் பார்க்க மிராசுதார்கள் ஒரு கரையிலும், விவசாயத் தொழிலாளர் சங்கத்தார் எதிர்க்கரையிலும் நின்றிருந்தார்கள். ஒருவருக்கும் முதுகு காட்டக்கூடாதென்று இரண்டு பக்கமும் கும்பிட்டபடியே பின்னால் நகர்ந்தேன். பாலத்துக்கு அந்த இடத்தில் கைப்பிடிச் சுவர் இல்லை. ஷட்டர் ஏற்றி இறக்கும் லஸ்கர் மாரியப்பன்தான் இறங்கிக் காலரைப் பிடித்துத் தூக்கினார். இரண்டு கரையும் சேர்ந்து சிரித்தது. அந்த ஊரில் அவர்கள் சேர்ந்து செய்து நான் பார்த்த ஒரே காரியம் அது.

சிரிக்க வைக்கிறவனை யாரும் பகைப்பதில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். அப்புறம் சென்னையில் மூன்று நாள் நிர்வாகப் பயிற்சி. களத்தில் இருப்பவனே முடிவெடுக்கட்டும், அதிகாரி கூடவே நின்று நச்சரிக்கக் கூடாது என்றார்கள். எனக்கு அது அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்தது. திரும்பி வந்ததும் என் ஆட்கள் எல்லோரையும் 'நீங்க' என்று அழைத்தேன். எது கேட்டாலும் "பார்த்துச் செய்யுங்க" என்றேன். நல்லது நடந்தால் என் வழிகாட்டுதல், கெட்டது நடந்தால் அவர்கள் பார்த்தது சரியில்லை. ஆனாலும் என்னை அவர்களுக்குப் பிடித்திருந்தது. கத்தாத அதிகாரி அந்தப் பக்கம் அபூர்வம்.

குடியிருப்பு மனைச் சட்டம் வந்து, கீழத்தெருக்காரர்களுக்கு அவர்கள் குடிசை போட்டிருந்த மண்ணுக்கே பட்டா கிடைத்த வருஷம். அதுவரை அது இராஜாங்கம் மிராசுதாரின் மண். ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. கீழத்தெருவில் தேங்கும் தண்ணீர் ஒரே ஒரு ஷட்டர் வழியாகத்தான் வடிய வேண்டும். திறந்தால் இராஜாங்கத்தின் நாற்பது ஏக்கர் இரண்டாம் போகத் தாளடி நடவு முழுகும்.

காலையிலேயே இராஜாங்கம் வந்துவிட்டார். "பட்டா வாங்குனவங்க தண்ணியையும் சேத்து வாங்கிக்கட்டுமே சார்" என்றார். அவர் போய்க் கால்மணி நேரத்தில் சங்கத்துச் சாமிதுரை. "தொறக்கலைன்னா ஆபீஸ் வாசல்ல வந்து படுப்போம். நீங்க தாண்டித்தான் போவணும்." இரண்டு பேருக்கும் காபி வாங்கிக் கொடுத்து, "நான் பார்க்கிறேன்" என்றேன். ஒருவருக்கு மேலிடத்தில் செல்வாக்கு, இன்னொருவருக்கு ஆள்கட்டு. நான் கைப்பிடிச் சுவர் இல்லாத ஆள்.

அவர்கள் போனபின் பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டேன். கணக்கில் நான் கெட்டிக்காரன். மழை இப்படியே பெய்தால் சாயங்காலம் நாலு மணிக்குக் கீழத்தெருவில் இடுப்பளவு. மண்சுவர் அதற்கு மேல் தாங்காது. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு மாரியப்பன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"தொறக்கவா ஐயா, மூடியே வெக்கவா?"

"ஸ்பாட்ல இருக்கிறது நீங்கதான் மாரியப்பன். பார்த்துச் செய்யுங்க."

"எனக்கு வீடு கீழத்தெருவுலங்க. நானாத் தொறந்தா, தன் தெருவக் காப்பாத்த ஊரான் பயிரக் கெடுத்தான்னு பேராயிடும். ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துருங்க."

"இந்த மழையில சீட்டு போய்ச் சேர்றதுக்குள்ள கூழாயிடும்" என்றேன். மாரியப்பனும் சிரித்தார். சிரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். நான் ஒரு பழைய ஃபைலைப் பிரித்தேன். சாக்கைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

நாலு மணி என்று போட்டிருந்தேன். மூன்றரைக்கே சுவர்கள் விழுந்தன. மூன்று பேர் செத்துப்போனார்கள். ஒருத்தி மாரியப்பனின் மகள் வள்ளியம்மை, ஏழு வயது. ஷட்டரின் சுழற்றுக் கைப்பிடியை நெஞ்சோடு அணைத்தபடி அவர் மழையில் நின்றதைப் பார்த்தவர்கள் உண்டு. திறக்கவே இல்லை.

விசாரணையில் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். "முடிவெடுக்கும் அதிகாரம் லஸ்கருக்கு முன்கூட்டியே அளிக்கப்பட்டிருந்தது, அவர் உரிய நேரத்தில் செயல்படத் தவறினார்" என்று எழுதினேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. மடித்த காகிதத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மாரியப்பனுக்கு வேலை போயிற்று. நான் என்ன செய்திருக்க முடியும்? உத்தரவில் கையெழுத்துப் போட்டது மேலதிகாரி.

எனக்கும் தூக்கம் சரியில்லைதான். என் மேல் தப்பு உண்டா என்று பார்த்தவரிடமெல்லாம் கேட்டேன். "மழைக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க" என்றார்கள். வீட்டில் கேட்டால், "சாப்பிட வாங்க" என்பதுதான் பதில். சாமிதுரைகூட, "போனது போச்சு, விடுங்க சார்" என்று டீ வாங்கித் தந்தார்.

கடைசியில் மாரியப்பனையே தேடிப் போனேன். இராஜாங்கத்தின் வயலில் கூலிக்கு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார். வரப்பில் உட்கார்ந்து, ஏழெட்டு மாதம் மனசுக்குள் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன்.

"அன்னிக்கு நான் 'திறங்க'ன்னு சொல்லியிருந்தா குழந்தை பிழைச்சிருக்கும். அதைச் சொல்லாதது ஒண்ணுதானே மாரியப்பன் என் தப்பு?"

அவர் நாற்றுமுடியைத் தண்ணீரில் அலசிக் கரையில் வைத்தார்.

"தொறன்னு சொல்ல வேணாங்க ஐயா. 'மூடியே வை'ன்னு சொல்லியிருந்தாக்கூட மீறித் தொறந்திருப்பேன். மீறுனதுக்கு வேல போயிருக்கும், புள்ள இருந்திருக்கும். நீங்க என்னையப் பாக்கச் சொன்னீங்க. நான் பாத்துக்கிட்டே நின்னுட்டேன்."