ஒரு சாண் தள்ளி நின்ற பெல்ட்

சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா, தெரியவில்லை. என் நண்பனின் சித்தப்பாவுக்கு நடந்தது. நண்பன் ஒரே ஒருமுறைதான் சொன்னான். விளக்கு அப்படியே இருக்கட்டும்... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

பிற்பகல் மூன்று மணி. ராத்திரிகூட இல்லை. மலைச்சாலையில் ஈ காக்கை கிடையாது. சித்தப்பா தன்னந்தனியாகச் சோதனைக் காரை ஏற்றிக்கொண்டிருந்தார்.

அவரும் சித்தியும் ஒரே கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். கியர் பெட்டியின் கணக்கு அவர் கையில், டர்போ எஞ்சினின் கணக்கு சித்தி கையில். கியர் மாறும் கணத்தில் பெட்டி எஞ்சினிடம் கேட்கும்... 'கொஞ்சம் இழுவையைக் குறை.' எஞ்சின் குறைத்த கையோடு திருப்பித் தர வேண்டும். தாமதித்தால் டர்போவில் காற்றழுத்தம் இறங்கி, வண்டி செத்த மாதிரி நிற்கும். அதனால் இருவருக்குள்ளும் ஒரு விதி: எந்த எண்ணை மாற்றினாலும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

அவர் ஓட்டுவார். சித்தி பக்கத்தில், மடியில் லேப்டாப்போடு ஆரஞ்சு உரிப்பார். பெல்ட் மட்டும் போட மாட்டார். மணி கத்தும்... டிங்... டிங்...

"பெல்ட்டைப் போடு தாயே, காது போகுது."

"லேப்டாப் இடிக்குதுங்க. உங்க கியர் பெட்டிக்கும் உங்க குணம்தான்... கேக்க வேண்டியதைக் கடைசி நொடியிலதான் கேக்குது."

ஒருநாள் வீட்டில் சண்டை. அற்பக் காரணம். மறுநாள் காலை சித்தப்பா, இழுவை குறையும் நேரத்தை இருநூறு மில்லி நொடியிலிருந்து அறுநூறாக்கினார். சொல்லவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டினார். வளைவுக்கு முன் ஒரு லாரியை முந்தும்போது கியர் மாறியது. இழுவை போனது... திரும்பி வரவில்லை. எதிரே இன்னொரு லாரி.

அவருக்குக் கையில் ஆறு தையல். சித்தி பிழைக்கவில்லை.

அந்த எண்ணைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஏழு மாதம் கழித்துத்தான் இந்தப் பிற்பகல். வேறு கார், அதே ஏற்றம். கியர் மாறுவதே தெரியவில்லை, அவ்வளவு இதம். அதே வளைவு வந்தது.

டிங்... டிங்...

பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்தால் மட்டுமே அடிக்கும் மணி. ஆரஞ்சுத் தோல் வாசனை... அப்போதுதான் உரித்தது போல.

வண்டியை ஓரங்கட்டினார். அந்தப் பக்கத்து பெல்ட்டை இழுத்துப் பூட்டினார். மணி நின்றது. ஆனால் பெல்ட் இருக்கையில் படியவில்லை. ஒரு சாண் தள்ளி... அந்தரத்தில் வளைந்து நின்றது.

எஞ்சினை அணைத்துவிட்டு, அந்த இருக்கையைப் பார்த்துச் சொன்னார்.

"இருநூறை அறுநூறாக்கினேன்மா. கோவத்துல... உங்கிட்ட சொல்லல."

பெல்ட் மெல்லத் தளர்ந்து இருக்கையில் சாய்ந்தது.

கிளப்பினார். முதல் கியர் மாற்றத்திலேயே வண்டி குலுங்கியது.

மறுபடி நிறுத்தி, காரின் கணினிப் பதிவைத் திறந்து பார்த்தார். தொழிற்சாலை வாசலிலிருந்து வளைவு வரை பக்கத்து இருக்கையில் ஐம்பத்திரண்டு கிலோ. மணி மட்டும் வளைவில்தான் அடித்திருந்தது. அதுவரை ஒவ்வொரு முறையும், பெட்டி கேட்பதற்கு முன்பே எஞ்சின் இழுவையைக் குறைத்திருந்தது. வளைவுக்குப் பிறகு... இருக்கையில் பூஜ்யம்.

அன்று மாலையே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். வேலை போயிற்று. சோதனை முடிந்து அந்தக் காரை நசுக்கிவிட்டார்கள். நண்பன் வெளிநாட்டில் இருக்கிறான். சித்தப்பா சொந்தக் காரில் தினமும் மூன்று மணிக்கு அந்த ஏற்றத்தில் ஏறுகிறார், பக்கத்து பெல்ட்டைப் பூட்டாமல். மணி ஒருநாளும் அடித்ததில்லை.