ஊர்வலத்தில் ஒரு கைப்பிள்ளை

"கருக்கலைப்பு கூடாதுன்னு நாம ஊர்வலம் போறோம், அங்குட்டு கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு வரலாமா?" என்றார் முன் இருக்கை அம்மாள். ஊர்வலம் முடிந்து பள்ளத்தூரிலிருந்து காரைக்குடி திரும்புகிற பஸ். அவர் மடியில் 'கருவில் இருக்கும் உயிரைக் காப்போம்' என்று எழுதிய அட்டை.

"யாரச் சொல்றீக?" என்றார் பக்கத்தில் இருந்த இளைய பெண்.

"நம்ம மாதா கோயில் பாட்டுக்குழுவுல இருந்தாளே, அவதான். கல்யாணம் ஆகாம பெத்துட்டு முதல் வரிசைல வந்து நிக்கிறா. பின்னால போகச் சொல்லிட்டேன்."

"கலைச்சிருன்னு வீட்டுல அடிச்சாகளேக்கா. பாவம், செய்ய மாட்டேன்னு நின்னவ அவ ஒருத்திதான்."

"அதுக்காக? திரும்பப் பாட விட முடியுமா? பிள்ளைக்கு ஞானஸ்நானம்கூட பூசையில வேணாம், தனியா வச்சுக்கிடட்டும்னு நான்தான் சொன்னேன்."

"வயித்துக்குள்ளயே இருந்திருந்தா அதுக்கும் சேத்துக் கோஷம் போட்டிருப்பீக. வெளிய வந்ததுதான் அது செஞ்ச தப்பு."