ஹோம் ரன்னுக்கு ஒரு நேர்த்தி

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போன படகில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவர் கனடாவிலிருந்து வந்தவர். அம்மனுக்குச் செலுத்தவென்று மடியில் ஒரு வெள்ளி நாகபடம் வைத்திருந்தார். மற்றவர் நாரந்தனைக்காரி.

“பேஸ்போலாலதான் இந்த நேர்த்தி பலிச்சது,” என்றார் மூத்தவர்.

“என்னக்கா, அம்மாள் பேஸ்போலும் விளையாடுறாவோ?”

“சிரியாதையும். என்ரை மனுசனுக்குப் பாரிசவாதம் வந்து மாதக் கணக்காப் பேச்சில்லை. ஒரு சொல்லுக் கதைச்சாலே போதும், வந்து கும்பிடுறன் எண்டு நேந்தனான். போன ஒக்டோபர் மகன் ரீவியில மட்ச் போட்டான். டொரன்டோ தோக்கிற நிலை. அப்ப ஒருத்தன் அடிச்சான் ஒரு அடி. அந்த அடியாலதான் டொரன்டோ இறுதிச் சுற்றுக்கே போனது. பந்து மதிலுக்கு மேலால போகேக்க இவர் ‘சிக்ஸ்!’ எண்டு கத்தினார்.”

“கிரிக்கெட் எண்டு நினைச்சிட்டாரோ?”

“மகன் அழுதுகொண்டே, ‘அப்பா, அது ஹோம் ரன்’ எண்டான். ‘எனக்குப் படிப்பிக்காதை’ எண்டார்.”

இருவரும் சிரித்தார்கள். மூத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பிறகு டொரன்டோ கிண்ணத்தை எடுத்ததோ அக்கா?”

“எங்கை! கடைசி மட்சில தோத்திட்டாங்கள். அண்டைக்கு இவர் அவங்களை ஏசின ஏச்சு! எனக்கு நித்திரையில கண் சொருகுது. எண்டாலும் எழும்பிப் போகேல்லை. பக்கத்திலேயே இருந்து எல்லா ஏச்சையும் கேட்டனான்.”